நறுக்கிய நகைச்சுவை போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதில் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. பிபிசியின் ‘மாண்டி பைதான்ஸ் ஃபிளையிங் சர்க்கஸ்’ தொடரின் நல்ல காட்சிகள் எல்லாம் இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கும்போது, டிவிடி, புளூரே தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர்.

நகைச்சுவையை நறுக்கிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். கவுண்டமணி–செந்தில் காட்சி ஒன்றை ரசிக்க அது எந்தப் படம் என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. நம் படங்கள் பலவற்றில் காமெடி டிராக் கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடியது. அதனால் வெட்டி எடுத்தாலும் அதற்குச் சேதமில்லை. ஆதித்யா, சிரிப்பொலி சேனல்கள் நாள் முழுக்க ஓடுவதும் அதை நம்பித்தான். ‘மாண்டி பைதான்’ தொடரை எழுதி நடித்த பைதான் குழுவினர் எழுதிய விதம் வேறு. ஒரு ஸ்கிட்டுக்கு, அதாவது சிறு நகைச்சுவைக் காட்சிக்கு, முத்தாய்ப்பாக ஒரு பஞ்ச் வசனம் வைத்து முடிக்கும் வழக்கத்தையே அவர்கள் கைவிட்டார்கள். ஒன்று பாதியில் நிற்கும், குழுவில் ஒருவரான டெரி கில்லியமின் அனிமேஷன் அதைக் கவ்விக்கொண்டு அடுத்ததற்குள் இழுத்துப்போகும். அரை மணி நேரமும் சேர்ந்துதான் ஒரு படைப்பு.

செத்த கிளியைத் தன் தலையில் கட்டிவிட்ட கடைக்காரரோடு குழுவின் ஜான் கிளீஸ் மல்லுக்கட்டும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய காட்சிகளில் அதிகம் பேர் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். 1969 டிசம்பர் 7 அன்று ஒளிபரப்பான எட்டாவது பகுதியில் அது வருகிறது. அதே பகுதியில், கிளிக்கு வெகு முன்பாகவே, இரண்டு ரவுடிகள் ராணுவ முகாமுக்குள் நுழைந்து, உங்கள் டாங்கிகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மிரட்டி மாமூல் கேட்கிறார்கள். கர்னலாக வரும் கிரஹாம் சாப்மன், தனக்கு ஒரு சிரிப்பு வசனம்கூட எழுதவில்லை என்று கடுப்பாகி, ஸ்கிட்டையே நிறுத்தச் சொல்லிவிடுகிறார். பாட்டிமார்கள் ரவுடிக் கும்பலாகத் தெருவில் அட்டகாசம் செய்யும் படத்தையும் வந்து நிறுத்துகிறார். கடைசியில் கிளிச் சண்டைக்குள்ளும் அவர் வந்து நிற்கும்போதுதான் சிரிப்பு வெடிக்கிறது. கிளியை மட்டும் பார்த்தவருக்கு அந்த கர்னல் யாரோ ஒரு ஆள்.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றச் சாட்சியமே இருக்கிறது. 1975-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம், பைதான் தொடரின் நான்காவது வரிசையின் (சீசன்) ஆறு பகுதிகளை இரண்டு சிறப்பு நிகழ்ச்சிகளாகச் சுருக்கி ஒளிபரப்பியது. முதல் நிகழ்ச்சியில் மட்டும் 90 நிமிடத்தில் 24 நிமிடம் போய்விட்டது. கொதித்துப்போன குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

தணிக்கையின் தழும்பும் உண்டு. கில்லியமின் அனிமேஷன் ஒன்றில், முகத்தில் வந்த கரும்புள்ளியை அலட்சியம் செய்த இளவரசன் புற்றுநோயால் இறந்துபோகிறான். முதல் ஒளிபரப்புக்குப் பிறகு ‘புற்றுநோய்’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, வேறொருவர் குரலில் ‘கேங்க்ரீன்’ (சதை அழுகல்) என்று ஒட்டவைத்தார்கள். குரல் மாறுவது காதில் பளிச்சென்று விழும்.

45 பகுதிகளும் நமக்குக் கிடைத்திருப்பதே பெரிய விஷயம். அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை அதிகம். அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவார்கள். நகைச்சுவை நடிகர்கள் பீட்டர் குக்கும் டட்லி மூரும் பிபிசியில் நடத்திய ‘நாட் ஒன்லி பட் ஆல்ஸோ’வின் பெரும்பகுதி அப்படித்தான் போனது. புது நாடாவுக்கு நானே பணம் தருகிறேன் என்று குக் முன்வந்தும் பிபிசி கேட்கவில்லை. கிளீஸும் சாப்மனும் பைதானுக்கு முன் 1967-இல் நடித்த ‘அட் லாஸ்ட் த 1948 ஷோ’வும் பெரும்பாலும் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. பல வருடம் தேடி, அங்கங்கே கிடைத்த பிரதிகளைச் சேர்த்து, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2019-இல்தான் அதை டிவிடியாகக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட உழைப்புக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம். அதே 2019-இல், ஐம்பதாவது ஆண்டையொட்டி, பைதான் தொடர் முழுவதையும் சீரமைத்து புளூரேயில் வெளியிட்ட நெட்வொர்க் நிறுவனம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. வட்டுகள் எப்போதும் கடையில் இருக்கும் என்று நினைத்துவிட முடியாது.

இனி இத்தகைய தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுபவர்கள் சில தகவல்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பகுதிகள் முழு நீளத்தில் இருக்கின்றனவா, ‘சிறந்தவை’ என்று பொறுக்கிய தொகுப்பா? ஆங்கில சப்டைட்டில் உண்டா? பிரிட்டிஷ் உச்சரிப்பில் அவர்கள் பேசும் வேகத்துக்கு அது இல்லாமல் பாதி வசனம் நழுவிவிடும். வட்டு எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியீடு என்ன? பிரிட்டன் டிவிடி 2, நம்முடையது 5; புளூரேயில் அவர்களுடையது பி, நம்முடையது சி. உறவினரிடம் சொல்லி அங்கிருந்து வரவழைக்கும் வட்டு இங்குள்ள பிளேயரில் ஓடாமலே போகலாம். பணம் கட்டும் முன்பே வாசகருக்கு இது தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகர்,
திருச்சி