43 உரப்பைகளும் மதகடியிலேதான் கிடக்கின்றன

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றில் பிள்ளைகள் கூடிக் குப்பை அள்ளிய சிரமதானம் பற்றிய செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படத்துடன் பார்த்தேன். மகிழ்ச்சி. படத்துக்குக் கீழே 'சேகரிக்கப்பட்ட கழிவுகள் முறையாக அகற்றப்பட்டன' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவர் எந்த ஊரில் இருந்து எழுதினார் என்று அறிய ஆவல். அன்று காலை ஆறரை மணியில் இருந்து நானும் அங்கே நின்றவன். கட்டிய உரப்பைகள் 43. நானே எண்ணினேன். பதினொரு நாட்களாக அவை மதகடியில்தான் கிடக்கின்றன. இப்போது 43 என்று சொல்வதும் பிழை. நாய்கள் இழுத்துக் கிழித்தவை போக, முழுதாக இருப்பவை முப்பதுக்குள்தான் வரும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கையுறைகூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. உடைந்த போத்தல் ஒருவனின் உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் இறங்கினான். என் மகள் வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பழைய பம்பர்ஸ்களை முகம் சுளிக்காமல் அள்ளினாள். தங்கள் படத்தில் இவர்களில் ஒருவரும் இல்லை. மண்வெட்டியும் கையுமாக, கசங்காத வெள்ளைச் சட்டையோடு நிற்கிறவர் ஒன்பதரைக்கு வந்து பத்துக்கு முன் போய்விட்டார். அவரோடு தேநீரும் பணிஸும் வந்தன. பணிஸ் வந்த பொலித்தீன் பைகளையும் நாங்கள்தான் பொறுக்கினோம்.

தாங்கள் அறியாதது அல்ல, குடாநாட்டில் நன்னீர் ஓடும் ஆறு என்று சொல்ல எங்களுக்கு இருப்பது இது ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும். அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. போகிற வழியில் அது தேங்கிச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் எங்கள் கிணறுகளில் ஊற்று இருக்கும். மற்ற மாதங்களில் வறண்டு கிடப்பதால் சனங்களுக்கு அது வெறும் பள்ளம். பள்ளம் என்றால் குப்பை கொட்டும் இடம். தங்கள் செய்தியிலும் 'வாய்க்கால்' என்றுதான் போட்டிருக்கிறீர்கள். குசினிக்குப் பின்னால் ஓடுவது வாய்க்கால், ஐயா.

நான் ஆறு முடிகிற பக்கத்தில் கமம் செய்பவன். மேலே உள்ளவர்கள் போடுவதெல்லாம் மாரி வெள்ளத்தோடு என் வயலுக்கு வரும். எந்தப் பக்கத்தில் கல்யாணம் நடந்தது, என்ன கறி வைத்தார்கள் என்பதை வந்து ஒதுங்கும் லஞ்ச் சீற்றை, அதுதான் சோறு கட்டும் பொலித்தீன் தாளைப் பார்த்தே என் மனைவி சொல்லுவார். லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பரில் தடை செய்துவிட்டதாகத் தங்கள் பத்திரிகையில்தான் படித்த ஞாபகம். அந்தத் தடை கொழும்பில் இருந்து வரும்போது வழியில் எங்கோ இறங்கிவிட்டது போலும். மூன்று வருடத்துக்கு முன் அரிவு வெட்டிய வயலில் மேய்ந்த என் பசு வயிறு ஊதிச் செத்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கடகம் பொலித்தீன். நல்ல கறவை. உள்ளூராட்சிச் சபைக்கு எழுதினேன். நான்கு மாதம் கழித்து, 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று பதில் வந்தது. கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. ஆறு பல சபைகளின் எல்லைக்குள்ளால் ஓடுவதால், ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கை காட்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்த என் தம்பியின் மகன் மதகில் நின்று, "ஊர்ச் சனத்துக்கு அறிவே இல்லை, பெரியப்பா" என்றான். பிறகு, குடித்து முடித்த சோடாப் போத்தலைப் போட இடம் தேடினான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குப்பைத்தொட்டி இல்லை. கடைசியில் என் கையில் தந்துவிட்டான்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. பெட்டி பூட்டிய ஓர் உழவு இயந்திரம், அரை நாள். டீசல் காசு இல்லை என்றால் நான் தருகிறேன். ஐப்பசி மழை விழுவதற்கு முன் வரவேண்டும். பிந்தினால் அந்தப் பைகள் என் வயலில் வந்துதான் அவிழும். முடிந்தால் தங்கள் படப்பிடிப்பாளரையும் இன்னொரு முறை அனுப்பி, அதே மதகடியில், அதே அளவில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வழி கேட்கத் தேவையில்லை, மூக்கு கொண்டு வந்து விடும்.

இங்ஙனம்,
கமக்காரன் ஒருவன்,
அராலி.