கச்சான் காற்றில் காய்ந்த சங்குகள்

திருகோணமலை
ஆடி மாதம்

அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் பிந்தியதற்கான காரணம் இதோடு வரும் பெட்டிக்குள் இருக்கிறது. முதலில் அதைத் திறந்து பார், பிறகு மேலே வாசி.

இரண்டு சங்கு, நான்கு சிப்பி. ஆறும் சவர்க்காரம், என் கையால் செய்தவை.

உருக்கி ஊற்றுவதற்கென்றே கடையில் விற்கும் சவர்க்காரக் கட்டியை வாங்கி அச்சில் ஊற்றினால் அரைமணி நேர வேலைதானே, எதற்குக் காஸ்டிக் சோடாவோடு மல்லுக்கட்டுகிறாய் என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கண்ணாடி போலப் பளபளப்பாக வந்தது. கார்த்திகை மழை பிடித்ததும் அலுமாரியில் இருந்த அத்தனையும் வேர்த்துவிட்டன. அந்தக் கட்டியில் கிளிசரின் அதிகம். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுற்றிய கடதாசியைப் பிரித்தபோது சிப்பியின் வரிகளும் அதோடு பிய்ந்து வந்தன. அன்றே தீர்மானித்தேன், எண்ணெயிலிருந்தே செய்வதென்று.

கணக்கு இதுதான். தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 190 கிராம், தூளாக்கிய உப்பு 250 கிராம். இந்த எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற 91 கிராம் சோடா வேண்டும். வேண்டுமென்றே குறைக்கிறேன், ஐந்திலொரு பங்கு எண்ணெய் மாறாமல் நின்றால்தான் தோல் வறளாது. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், கரண்டிக் கணக்கு கூடவே கூடாது. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றாதே, கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், முற்றத்தில் வைத்துச் செய். ஒரு நாள் அவசரத்தில் அலுமினியச் சட்டியை எடுத்துவிட்டேன். பொங்கி நுரைத்துச் சட்டி கறுத்துப்போனது. எவர்சில்வர் மட்டும்தான்.

கரைசல் ஆறியபின் எண்ணெயில் விட்டுக் கலக்கு. தோசைமாப் பதம் வந்து, அகப்பையிலிருந்து விழும் சொட்டு மேலே கோடாகத் தங்கும்போது உப்பைச் சேர். உப்பு நம் நிலாவெளி உப்பளத்து உப்பு. முதல் தடவை தட்டில் ஊற்றி, விடிந்தபின் வெட்டலாம் என்று விட்டேன். கத்தி வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. உப்புச் சவர்க்காரம் சில மணி நேரத்திலேயே கல்லாகிவிடும். ஆகவே தனித்தனி அச்சுதான் அதற்குப் பொருத்தம். அழகுக்காக வாங்கிய அச்சு அவசியமாகிவிட்டது.

அந்தச் சிப்பி அச்சு மட்டும் வாங்கியதல்ல. உப்புவெளிக் கரையில் வலை உதறிய இடத்தில் கிடந்த சிப்பியைக் கழுவி, சிலிக்கோன் ஊற்றி நானே எடுத்தேன். புறாமலைத் தீவில் இதைவிட அழகானவை கிடக்கின்றன. ஆனால் 2003ஆம் ஆண்டிலிருந்து அது தேசியப் பூங்கா, ஒன்றையும் எடுக்கக்கூடாது. எடுக்க எனக்கும் மனமில்லை. ஊற்றும்போது வரிகளுக்குள் காற்றுக்குமிழ் சிக்கினால் சிப்பி அம்மைத்தழும்போடு வரும். அதனால் முதலில் சிறிய தூரிகையால் வரிவரியாகத் தடவிவிட்டு, மீதியை ஊற்றி, அச்சை மேசையில் நான்கு தட்டுத் தட்டுவேன். அந்தச் சிப்பியின் ஓரத்தை விரலால் தடவிப் பார், ஒவ்வொரு வரியும் தெரியும்.

செம்மஞ்சள் சங்கில் இருப்பது மஞ்சள் தூள்தான். பொன்னிறம் வருமென்று போட்டேன். சோடாவின் காரம் பட்டதும் செக்கச் சிவந்தது! அம்மா மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காயக் காய இந்த நிறத்துக்கு இறங்கிவிட்டது. மணத்துக்குக் கராம்பு எண்ணெய் விட்டுப் பார்த்தேன், கலவை சட்டியிலேயே இறுகிவிட்டது. இப்போது மணமே சேர்ப்பதில்லை.

இந்த வேலைக்குக் கச்சான் வீசும் மாதங்கள்தான் உகந்தவை. எங்களைப் பாடாய்ப்படுத்தும் இந்த வறண்ட காற்றில்தான் சவர்க்காரம் நன்றாக இறுகுகிறது. மாரியில் செய்தால் உப்பும் சேர்ந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெய், உப்பு, காற்று மூன்றும் நம் ஊரிலேயே கிடைக்கும்போது வேறு கட்டி எனக்கு எதற்கு?

பள்ளி விட்டுவரும்போது கடலில் குளித்து, அங்கேயே சவர்க்காரம் போட்ட நாள் நினைவிருக்கிறதா? நுரையே வராமல் தலைமயிரில் திரிதிரியாகத் திரண்டு, வீட்டில் இருவரும் அடி வாங்கினோமே. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். அந்தக் காலத்துக் கப்பல்களில் கடல்நீரில் குளிக்க இதைத்தான் வைத்திருந்தார்கள். போன ஞாயிறு பேத்தியோடு உப்புவெளிக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று பழைய சிப்பி ஒன்றைத் தேய்த்தேன். உள்ளங்கையில் வெண்ணெய் போல நுரை திரண்டது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பெட்டியில் இருப்பவற்றை ஆவணி முடியும்வரை பாவிக்காதே, இன்னும் காய வேண்டும். புரட்டாதியில் நீ வரும்போது வெள்ளைச் சங்கை மட்டும் கையோடு கொண்டு வா. மழை தொடங்குவதற்கு முன் இருவரும் கடலுக்குப் போவோம்.

உன்
பழைய சிநேகிதி