கட்டிப் பார்க்காத வண்டிக்கு வழிமுறை விற்காதீர்கள்

லெகோ பிரிக்குகளில் சொந்தமாகக் கார், லாரி, பஸ் வடிவமைத்து, அவற்றின் வழிமுறைக் கோப்புகளை விற்கிற, இலவசமாகவும் தருகிற வடிவமைப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் கோப்பை வாங்கி, பீஸ்களைத் தேடிச் சேர்த்து, மேசையில் கொட்டி வைத்துக்கொண்டு கட்ட உட்காருகிறவர்கள் சார்பில் இந்த மடலை எழுதுகிறோம். வேண்டுகோள் ஒன்றுதான். திரையில் முடித்த வண்டியை ஒரு முறையாவது கையில் கட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். கட்ட வசதியில்லை என்றால், "இது கணினியில் மட்டும் வடிவமைக்கப்பட்டது, நிஜத்தில் கட்டப்படவில்லை" என்று கோப்பின் முதல் பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

1995-இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் எல்டிரா மென்பொருளை வெளியிட்ட காலத்திலிருந்து, கையில் ஒரு பீஸ்கூட இல்லாமல் முழு வண்டியையும் வடிவமைக்க முடிகிறது. இன்று பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற மென்பொருள் அதை இன்னும் எளிதாக்கிவிட்டது. இது பெரிய வரம், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திரையில் வண்டிக்கு எடை கிடையாது, ரப்பர் டயர் நசுங்காது, எந்த இடுக்கிலும் விரல் நுழைந்துவிடும். தவறுகள் எல்லாம் அங்கேதான் ஒளிந்துகொள்கின்றன.

ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர். நீளம் 4,325 மி.மீ., அகலம் 1,662 மி.மீ., சக்கர இடைவெளி 2,464 மி.மீ. பிரிக்கின் மேலுள்ள குமிழான ஸ்டட் ஒன்றுக்கு 8 மி.மீ. என்பதால், 8 ஸ்டட் அகலத்தில் கட்டினால் 64 மி.மீ.; அதாவது 26-இல் ஒரு பங்கு. அந்த அளவில் நீளம் ஏறத்தாழ 21 ஸ்டட், சக்கர இடைவெளி 12 ஸ்டட், சுமார் 1,600 மி.மீ. உயரம் 19 பிளேட் (3.2 மி.மீ. கனமுள்ள தட்டைப் பீஸ்). 2020-இலிருந்து லெகோவின் ஸ்பீட் சாம்பியன்ஸ் கார்களும் 6 ஸ்டட்டிலிருந்து 8 ஸ்டட் அகலத்துக்கு மாறிவிட்டதால், இந்த அளவுக்கு ஏற்ற சக்கரங்களும் கண்ணாடிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. கணக்கு அழகாக உட்காருகிறது. இனிமேல்தான் சிக்கல்.

முதலில் கதவு. உள்கூட்டை 6 ஸ்டட் அகலத்தில் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. மிஞ்சும். பக்கவாட்டில் பீஸ் மாட்ட உதவும் L வடிவ பிராக்கெட்டின் செங்குத்துத் தகடு அரை பிளேட் கனம், 1.6 மி.மீ. அதன்மேல் ஒரு பிளேட் 3.2, அதன்மேல் ஸ்டட் இல்லாத ஒரு டைல் 3.2. கூட்டினால் சரியாக 8. பக்கவாட்டில் கட்டும் காருக்கு இதைவிட நல்ல சூத்திரம் இல்லை. ஆனால் பாதிக் கதவை பிராக்கெட்டிலும் மீதியைப் பக்க ஸ்டட் வைத்த 1×2 பிரிக்கிலும் மாட்டுகிறார்கள். பக்க ஸ்டட் பிரிக்கில் அந்த அரை பிளேட் கனம் இல்லை. ஆக, ஒரே கதவின் இரு முனைகளும் 1.6 மி.மீ. வித்தியாசமான ஆழத்தில் நிற்கின்றன. திரையில் ஒரு முனை மாட்டாமல் அந்தரத்தில் நின்றாலும் கதவு நேராகவே தெரியும். கையில் கட்டும்போது பிளேட் வளையும், அல்லது அந்த முனை தொட்டதும் கழன்று வரும். கதவின் உயரத்திலும் கவனம் வேண்டும். 2 ஸ்டட் உயரம் 16 மி.மீ.; அது சரியாக 5 பிளேட். 3 ஸ்டட் உயரம் என்றால் ஏழரை பிளேட் வரும், ஜன்னலுக்குக் கீழே அரை பிளேட் இடைவெளி ஓடும். 2 அல்லது 4 என்று வையுங்கள்; 3 வேண்டுமென்றால் அந்த இடைவெளியை பிராக்கெட்டால் அடைக்க வழி செய்யுங்கள்.

பீஸ்கள் ஒன்றையொன்று இடிப்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வசதியை அணைத்துவிட்டு வேலை செய்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. வேகமாக வடிவமைக்க அது உதவும் என்பது உண்மைதான். முடித்தபின் மீண்டும் போட்டு, வண்டி முழுவதையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். ஸ்டட்டின் உயரம் கிட்டத்தட்ட 1.7 மி.மீ. இரண்டு சுவர்களுக்கு நடுவே 4 ஸ்டட் இடத்தில் 10 பிளேட்டைப் படுக்க வைத்துச் செருகினால் 32 மி.மீ. பொருந்தும், கடைசி பிளேட்டில் ஸ்டட் நீட்டிக்கொண்டிருந்தால் பொருந்தாது. அங்கே டைல்தான் வர வேண்டும்.

அடுத்தது சக்கரம். 24 மி.மீ. விட்டமுள்ள டயருக்கு 3 ஸ்டட் அகலத்தில் சக்கர வளைவு விடுகிறார்கள். திரையில் இடிக்கவில்லை என்பது உண்மை. நிஜத்தில் அச்சுக்குச் சிறிது ஆட்டம் உண்டு. வண்டியின் எடை டயரை அழுத்தும். டயர் இரு பக்கமும் உரசி நின்றுவிடும். 4 ஸ்டட் விடுங்கள். இரு பக்கமும் 4 மி.மீ. இடைவெளி பெரிதாகத் தோன்றினால், வளைவின் மேல் மூலையில் வளைந்த ஸ்லோப் (சரிவுப் பீஸ்) வைத்துக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டலாம்.

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ்தான் எங்களை அதிகம் வருத்துகிறது. 12 ஸ்டட் சக்கர இடைவெளியில் இரண்டு அடுக்கு பிளேட் போட்டு, இரண்டு அடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வந்தால், கூரை ஏறியதும் வண்டி நடுவில் தொய்யும். சுவர் எழுப்பும் கொத்தனார் இணைப்பின்மேல் இணைப்பு வராமல் அடுக்குவதுபோல, ஒவ்வொரு அடுக்கின் இணைப்பையும் குறைந்தது 2 ஸ்டட் தள்ளி வையுங்கள். முதுகெலும்பாக 1×12 அல்லது 1×16 டெக்னிக் பிரிக் (பக்கவாட்டில் துளைகள் உள்ளது) ஒன்றை நீளவாக்கில் போட்டால் இன்னும் நல்லது. டெக்னிக் பிரிக்குகளை, வரிசையாகத் துளைகள் உள்ள பீமைச் செங்குத்தாக வைத்துப் பூட்ட நினைத்தால், இரண்டு பிரிக்குக்கும் நடுவில் இரண்டு பிளேட் கட்டாயம். பிரிக்கின் 9.6-உம் இரண்டு பிளேட்டின் 6.4-உம் சேர்ந்தால்தான் 16 மி.மீ., அதாவது பீமில் ஒரு துளை விட்டு அடுத்த துளை. ஒரு பிளேட்டோடு நிறுத்தினால் துளையில் செருகும் 'பின்' (pin) நுழையாது, வற்புறுத்தினால் பிரிக் விரியும்.

நிமிர்த்திய பிளேட்டை இரண்டு ஸ்டட் வரிசைக்கு நடுவே செருகுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 8-இல் ஸ்டட்டின் விட்டம் 4.8 போக 3.2 என்று காகிதக் கணக்கு பொருந்துகிறது. நிஜத்தில் அது இறுக்கிப் பிடித்து, மாதக்கணக்கில் பிளாஸ்டிக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். ஒளிபுகும் பீஸை ஒளிபுகும் பீஸோடு இறுக்கமாக மாட்டுவதும் அப்படித்தான். கழற்றும்போது நகம் போகும், சில சமயம் பீஸும் போகும்.

இனி வழிமுறையின் வரிசை. அம்பாசடரின் முன் மட்கார்டை நினைத்துப் பாருங்கள். வளைந்த ஸ்லோப்புகள் ஒரு சின்ன பிராக்கெட்டில் தொங்குகின்றன. அதன் முனையில் விளக்குக்காக 1×1 வட்ட பிளேட். நீங்கள் 40-ஆம் படியில் மட்கார்டை மாட்டச் சொல்லி, 46-ஆம் படியில் விளக்கை அழுத்தச் சொல்கிறீர்கள். விளக்கை அழுத்துகிற விசை முழுவதும் பிராக்கெட்டின் இரண்டு ஸ்டட்டில் இறங்குகிறது. மட்கார்டு உள்ளே விழுகிறது. அதை எடுக்க பானட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. விளக்கையும் ஸ்லோப்பையும் மேசையில் தனி உறுப்பாகச் சேர்த்து, முழு மட்கார்டாக மாட்டச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை. எந்த பீஸை அழுத்தச் சொன்னாலும் அதற்குப் பின்னால் தாங்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். மென்பொருள் தானாகப் பிரித்துத் தரும் படிகளை அப்படியே வெளியிட்டால் இது ஒருபோதும் சரிவராது.

ஒரு படிக்குப் புதிய பீஸ் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். வண்டியைத் திருப்பினால் திருப்பும் குறி போடுங்கள். கறுப்புச் சேசிஸ்மேல் கறுப்பு பிளேட் வரும் பக்கங்களில் விளிம்புக் கோட்டை வெளிர் நிறமாக மாற்றுங்கள். அச்சடித்தால் அந்தப் பக்கம் வெறும் கறுப்புப் பட்டையாகத்தான் வருகிறது.

பீஸ் பட்டியலில்தான் எங்கள் பணம் கரைகிறது. ஒரு பீஸ் அந்த நிறத்தில் வந்ததே இல்லை என்றால் ஸ்டூடியோ எச்சரிக்கிறது. அதைப் பார்த்தும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர் பல கடைகள் விற்கும் பிரிக்லிங்க் இணையதளத்தில் வாங்கினால் எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது. கடைக்குக் கடை தபால் செலவு, அதன்மேல் சுங்க வரி. நான்கு பீஸுக்காக நான்காவது கடைக்குப் போவது, அந்த பீஸ்களின் விலையைவிடப் பல மடங்கு செலவு. ஆகவே வெளியே தெரியும் பீஸ்களையும் உள்ளே மறையும் பீஸ்களையும் தனித்தனிப் பட்டியலாகத் தாருங்கள். மறைகிறவற்றுக்கு "எந்த நிறமும் ஆகும்" என்று எழுதினால் வீட்டில் இருப்பதைக் கொண்டே பாதி வேலை முடியும்.

பழைய சாம்பல், 2004-இல் வந்த நீலச் சாம்பல் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். இரண்டும் அருகருகே வந்தால் கிரில் முழுதும் திட்டுத்திட்டாகத் தெரியும். கருஞ்சிவப்பிலும் செம்பழுப்பிலும் கிளிப் பீஸ் கேட்காதீர்கள். அந்த நிறங்களின் பழைய பீஸ்கள் நொறுங்குவதற்குப் பேர்போனவை. பீஸின் வார்ப்பு அச்சு வேறுபாடு எங்கே முக்கியமோ அங்கே மட்டும் சொன்னால் போதும். நடுவில் ஒரே ஸ்டட் உள்ள 1×2 ஜம்பர் பிளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பழையதும் புதியதும் ஒன்றே. ஜம்பரின் அடிப்பகுதி நடுவில் ஒரு ஸ்டட்டைப் பிடிக்க வேண்டியிருந்தால் மட்டும் 15573 என்ற புதிய அச்சுதான் வேலைக்கு ஆகும். அதை எழுதாமல் விட்டால், வாங்கியவர் பழையதை வைத்துக்கொண்டு ஏன் பிடிக்கவில்லை என்று தவிப்பார்.

கட்டி முடித்ததும் மூன்று சோதனைகள் செய்யுங்கள். கூரையைப் பிடித்துத் தூக்குங்கள்; முன் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ள தூண்கள் கிளிப்பில் நின்றால் அங்கேதான் முதலில் கழலும். வண்டியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். பிறகு ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு, சேசிஸ் நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

முழு வண்டிக்கும் பீஸ் வாங்கக் கையில் பணம் இல்லாதவர்களும் உங்களில் இருப்பீர்கள்; அது எங்களுக்குப் புரிகிறது. சேசிஸ், ஒரு கதவு, ஒரு முன் மட்கார்டு, கூரைத் தூண்கள் என்று சந்தேகமான பகுதிகளை மட்டும், கிடைக்கிற நிறத்தில் கட்டிப் பாருங்கள். எந்தப் பகுதியைக் கட்டினீர்கள், எதைக் கட்டவில்லை என்று கோப்பில் எழுதிவிட்டால் நாங்கள் அதற்குத் தயாராக வாங்குவோம். வேறொருவரின் சேசிஸை எடுத்தாண்டிருந்தால் அவர் பெயரையும் அங்கேயே போடுங்கள்.

பிழை தெரிந்து கோப்பைத் திருத்தினால், பதிப்பு எண்ணும் எந்தப் படி மாறியது என்ற ஒரு வரியும் சேர்த்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களில் பலர் அந்த நேரத்தில் பாதி வண்டியோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் வண்டிகளைக் கட்டுகிறவர்கள்