ஸ்கேன்ல எர்ரர் இல்லன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தமா?

பைக் கம்பெனிகளோட சர்வீஸ் பிரிவு பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

எஃப்ஐ வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாம கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கிற வண்டி, எப்படி ஓடுதுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, செஞ்சதே நீங்கதான். என் வண்டி லிட்டருக்கு 45 குடுத்துக்கிட்டு இருந்தது திடீர்னு 34க்கு வந்துருச்சு, ப்ளக் கழட்டினா ஒரே கரி. மூணு தடவ சர்வீஸ் விட்டேன். மொத தடவ இன்ஜெக்டர் கிளீனிங், ரெண்டாவது தடவ புது ப்ளக், மூணாவது தடவ "பெட்ரோல் சரியில்ல சார், வேற பங்க்ல போட்டுப் பாருங்க". மூணு தடவையும் கூடவே ஒரு வரி, "ஸ்கேன் போட்டாச்சு, எர்ரர் எதுவும் இல்ல".

கடைசில நண்பர் ஒருத்தர் அவரோட ஸ்கேனர மாட்டி எர்ரர் பக்கத்தோட நிக்காம லைவ் டேட்டாவ, அதான் ஒவ்வொரு சென்சாரும் அந்த நேரத்துல என்ன நம்பர் காட்டுதுங்கிற பக்கத்த, தொறந்தாரு. அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்த எஞ்சின், பக்கத்துல கை கொண்டுபோக முடியல, ஸ்கிரீன்ல டெம்பரேச்சர் 41 டிகிரி! டெம்பரேச்சர் சென்சார் கனெக்டரக் கழட்டினா பின்னு பச்சை பூத்துக் கிடக்கு. சுத்தம் பண்ணி மாட்டினதும் 92.

அந்த சென்சார் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையுற வகை. பச்சை பூத்த பின்னு கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் சேத்துவிட்டா, எஞ்சின் இன்னும் சூடாகலன்னு ஈசியு, அதான் வண்டியோட கம்ப்யூட்டர், நம்பி இன்ஜெக்டரக் கூடுதல் நேரம் தொறந்து வைக்கும். சைலன்சர் பக்கம் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் 0.8 வோல்ட் காட்டி பெட்ரோல் ஜாஸ்தி ஜாஸ்தின்னு கத்திக்கிட்டேதான் இருந்திருக்கும், ஆனா எஞ்சின் சூடாகுற வரைக்கும் அது பேச்ச ஈசியு காதுலயே வாங்காதே. ஒயர் அறுந்திருந்தா மீட்டர்ல எச்சரிக்கை லைட் எரிஞ்சிருக்கும். 41ங்கிறது நடக்கக்கூடிய நம்பர்தான், அதனால எர்ரர் கோடும் விழல லைட்டும் எரியல.

நான் கேக்குறது ஒண்ணுதான், மைலேஜ் கம்ப்ளைன்ட்னு வண்டி வந்தா எஞ்சின சூடாக்கி லைவ் டேட்டா பாருங்க.

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் சத்தத்தக் கேட்டே ஏர் ஸ்க்ரூவ கால் சுத்து திருப்பி சரி பண்ணிட்டுப் போயிருவாரு. இப்ப டேப்லெட் வச்சிருக்கிற தம்பி ஒரு பக்கம் தள்ளிப் பாக்கல, ஆனா பத்துக்குப் பத்து மார்க் போடுங்க சார்னு சர்வீஸ் முடிஞ்ச ரெண்டு நாள்ல ரெண்டு போன், மார்க் வாங்க இருக்கிற அக்கறைல பாதி அந்த கனெக்டர் மேல இருந்திருந்தா இந்த மடலே வந்திருக்காது. அந்தத் தம்பியயும் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு எர்ரர் பக்கத்த மட்டும்தானே காட்டிக் குடுத்திருக்கீங்க. சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

மறுபடியும் பணிவா கேக்குறேன். சூடான எஞ்சின்ல டெம்பரேச்சர் எவ்வளவு, ஆக்சிஜன் சென்சார் வோல்ட் மேலயும் கீழயும் ஆடுதா இல்ல ஒரே இடத்துல நிக்குதா, த்ராட்டில் மூடியிருக்கும்போது அதோட சென்சார் எத்தன வோல்ட், இத ஜாப் கார்டுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. என்கிட்ட இருக்கிற மூணு ஜாப் கார்டுலயும் "ஓகே"ன்னு மட்டும்தான் இருக்கு. அடுத்த கார்டுல நம்பர் வேணும், தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
மூணு தடவ "ஓகே" வாங்கின கஸ்டமர்