சிப்பியின் முதல் இரண்டு நாள்: மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே வளர்த்தெடுக்கலாம் என்று தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் காட்டியது 1981-இல். அந்த அனுபவம் உள்ள மாநிலம் என்பதால் கேட்கிறேன். இங்கே எந்தப் பொரிப்பகத்தில் சிப்பி லார்வா (முட்டையிலிருந்து வந்த இளம் உயிர்) வளர்த்தாலும், உப்பும் சூடும் பார்ப்பதோடு நிற்காமல், கடல்நீரின் காரத்தன்மையையும் அதில் கரைந்த கார்பன் டை ஆக்சைடையும் அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அளக்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கைப் பொதுவில் வையுங்கள்.

அமெரிக்காவின் ஒரிகன் கரையில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவிலுள்ள விஸ்கி கிரீக் பொரிப்பகத்தில் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் பசிபிக் சிப்பி லார்வாக்கள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் பழி விப்ரியோ பாக்டீரியா மேல் விழுந்தது. தண்ணீரைச் சுத்திகரித்தும் சாவு நிற்கவில்லை. கோடையில் வடகாற்று வீசும்போது ஆழத்திலிருந்து மேலேறும் குளிர்நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி என்பது பிறகுதான் பிடிபட்டது.

கருவுற்ற இரண்டு நாளுக்குள் சிப்பி தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஓடு. இரை பிடிக்கும் உறுப்பு அப்போது முழுதாக உருவாகியிருக்காது. முட்டையில் தாய் வைத்த கொழுப்புதான் கட்டுச்சோறு. ஓடு கட்டத் தேவையான கார்பனேட், தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் குறையும்; அப்போது ஓடு கட்டுவதிலேயே அந்தக் கொழுப்பு தீர்ந்துவிடும். உடனே சாகாதவையும் வளர்ச்சி குன்றி, நாள் கழித்துச் சாகும். பாதிப்பு ஒரு நாள், சாவு வேறொரு நாள். அதனால்தான் அங்கே காரணம் தேடி அவ்வளவு அலைந்தார்கள்.

தண்ணீரின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி வைத்த பிறகு வழி கிடைத்தது. பாசியும் கடற்புல்லும் பகலெல்லாம் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியபின், பிற்பகலில் தண்ணீர் ஏற்றினார்கள். சோடியம் கார்பனேட்டையும் கலந்தார்கள். நம் வீட்டுச் சலவைச் சோடாதான்!

நம் வெதுவெதுப்பான கடலில் கார்பனேட் அந்தக் கரையைவிட அதிகம். நாளைக்கே சிப்பி அழியும் என்று மிரட்ட இதை எழுதவில்லை. ஆனால் தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடல்மேற்பரப்பின் பி.எச். (அமில-கார அளவு; குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கிவிட்டது. அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் இது ஏறக்குறைய 30 சதவீத உயர்வு. ஐப்பசி, கார்த்திகையில் முகத்துவாரங்களில் மழைவெள்ளம் கலக்கும்போது கார்பனேட் இன்னும் நீர்த்துப்போகும்.

விலையுயர்ந்த கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். முட்டை கருவுறும் நாளில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, முறைப்படி பதப்படுத்தி ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அது வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கடலோர வாசகர் ஒருவர்