35 மைல் தொலைவில் ஒரு பள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளைக் காரில் பள்ளிக்கு அழைத்துப் போகும் என் வேலைக்குப் பொதுப்பணத்திலிருந்தா சம்பளம் வருகிறது என்று சென்ற முறை கேட்டீர்கள். தொலைபேசியில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன்.

நான் இருக்கும் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதி நம் மன்னார்குடிப் பக்கம் போலவே கண்ணுக்கெட்டிய வரை சமவெளியும் வாய்க்காலுமாக இருக்கிறது; ஊருக்கும் ஊருக்கும் இடையேதான் தொலைவு அதிகம். காலை ஆறே முக்காலுக்கு ஒரு வாடகைக் காரில் ஏறி, ஓட்டுநர் வண்டியைச் செலுத்த, நான் ஒரு சிறுவனுக்குத் துணையாக அமர்ந்து செல்கிறேன். அவனுக்கு 15 வயது, பேச்சு வராது. இடப்பக்கச் சன்னலோர இருக்கையும் பழகிய முகமும் இல்லையென்றால் நடுங்கிவிடுவான். வலிப்பு வந்தால் கொடுக்க வேண்டிய மருந்து என் பையில் எப்போதும் இருக்கும். அருகிலுள்ள சிறப்புப் பள்ளியில் இடம் இல்லாததால், அவன் பள்ளி வீட்டிலிருந்து 35 மைல், நம் கணக்கில் 56 கிலோமீட்டர், தள்ளி இருக்கிறது.

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஏற்ற, மிக அருகிலுள்ள பள்ளி 2 மைலுக்கு அப்பாலும், அதற்கு மூத்த பிள்ளைக்கு 3 மைலுக்கு அப்பாலும் இருந்தால், கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், இலவசமாக அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். உடற்குறையாலோ சிறப்புத் தேவையாலோ நடந்து போக இயலாத பிள்ளைக்கு அந்தத் தொலைவு வரம்பும் கிடையாது. இதற்காக 2023-24இல் கவுன்சில்கள் 230 கோடி பவுண்டு செலவிட்டன. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் 2015-16ஐ விட இது சுமார் 70 விழுக்காடு அதிகம். சிறப்புத் தேவைக்கான சட்டப்படியான கல்வித் திட்டம் பெற்றவர்கள் 2015இல் சுமார் 2,40,000 பேர். 2024இல் 5,76,000 பேர். அவர்களுக்கேற்ற பள்ளிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. நம் ஊரில் சீருடையோடு அரசுப் பேருந்தில் ஏறும் பிள்ளையால் செலவு பெரிதாகக் கூடுவதில்லை, எப்படியும் ஓடுகிற பேருந்து அது. இங்கோ ஒரு பிள்ளைக்காக ஒரு காரும் ஓட்டுநரும் துணையாளும் நாளுக்கு இருமுறை புறப்பட வேண்டியிருக்கிறது.

செலவைக் குறைக்க வேண்டும் என்போரை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் நூலகமும் சாலையும் முதியோர் பராமரிப்பும் அதே கவுன்சில் பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் பள்ளியில் இடம் ஒதுக்கும் கணக்கு வேறாகவும் பயணக் கணக்கு வேறாகவும் இருப்பதால், அருகில் பத்து இடங்களைக் கூட்டினால் எத்தனை கார்கள் மிச்சமாகும் என்று சேர்த்துப் பார்ப்பது அரிதாகிவிடுகிறது. காரை நிறுத்துவது எளிது, பள்ளியை அருகில் கொண்டுவருவதுதான் கடினம். நம் தெருவில் போலியோவால் கால் சூம்பிய அண்ணனை அவர் தாய் ஐந்தாம் வகுப்பு வரை இடுப்பில் சுமந்து வந்ததும், உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருந்ததால் அதோடு படிப்பு நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

வரும் கோடையோடு இந்தச் சிறுவனுக்குக் கட்டாயக் கல்வி வயது முடிகிறது. அதன்பின் கார் அனுப்புவதா, பெற்றோரிடம் பங்குத் தொகை கேட்பதா என்பதைக் கவுன்சிலே முடிவு செய்யும். காரில் நான் நாள்தோறும் காண்பதை எழுதித் தருமாறு அவன் தாய் கேட்டிருக்கிறார். ஊர்க்காரர்களுக்காக எத்தனையோ மனுக்கள் எழுதியவர் நீங்கள். இதில் எதை முதலில் வைக்க வேண்டும் என்று விரைவில் பதில் எழுதுங்கள் அப்பா.

உங்கள் அன்பு மகள்