ஒரு ஜோடி ஷூ போதும்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளியான ஈரானிய சினிமா பற்றிய கட்டுரையைப் படித்தேன். தணிக்கைக் கெடுபிடியும் அரசியலுமே வெளிநாட்டினரை அப்படங்களின் பக்கம் இழுப்பதாகக் கட்டுரையாளர் சொல்கிறார். பட விழா நடுவர்கள் விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். ஆனால் சாதாரண ரசிகரைப் பிடித்து உட்காரவைப்பது கதையில் வரும் தேவை மிகச் சின்னதாக இருப்பதுதான். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசுதான் ஷூ. பையனோ முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். இன்னொரு ஈரானிய இயக்குநரான கியாரோஸ்தமியின் 1987ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. இதை ரசிக்க டெஹ்ரான் அரசியல் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

எங்கள் பகுதி நூலகத்தில் மஜீதியின் படத்தைத் திரையிட்டபோது, சப்டைட்டில் படிக்கத் தெரியாத வாண்டுகள்கூட, ஷூ சாக்கடை நீரில் அடித்துச் செல்லப்படும் காட்சியில் ‘பிடி, பிடி!’ என்று கத்தினார்கள். எனவே இப்படங்களைத் திரைப்பட விழாக்களோடு நிறுத்திவிடாமல், உரிய அனுமதி பெற்று, தமிழ் சப்டைட்டிலுடன் மாவட்ட நூலகங்களில் மாதம் ஒன்றாவது திரையிட நூலகத் துறை ஏற்பாடு செய்யலாம்.

- ஒரு வாசகி, மதுரை